சாப்பாட்டு மேஜையில் வாட்டர்லூ

தம்பிக்கு,

நெப்போலியன் காலத்துச் சேனைகளைச் சிறு பொம்மைகளாகச் சேகரித்து, ஒவ்வொரு வீரனுக்கும் அவனவன் படைப்பிரிவுக்குரிய வர்ணத்தை நுண்ணிய தூரிகையால் தீட்டி, சாப்பாட்டு மேஜைமேல் பச்சைத் துணி விரித்துப் போர்க்களம் அமைத்து, அதில் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு விளையாட வேண்டும் என்று நீ கொண்ட ஆசை மெச்சத்தக்கதே. ஆனால் முதல் ஆட்டத்தின் நடுவிலேயே தங்கை எழுந்து போய்விட்டாள் என்றும், அப்பா உன் மனம் நோகக்கூடாதே என்று உட்கார்ந்திருந்தார் என்றும், அம்மா, “இது எப்போதடா முடியும், இலை போட வேண்டாமா?” என்று கேட்டுவிட்டாள் என்றும் எழுதி, விதிகளை எளிமையாக்க உபாயம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். விதிகளில் பெரிய குற்றம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அந்த மேஜையில் நீ உட்கார்ந்த இடத்தில்தான் குற்றம்.

பிரெஞ்சுச் சேனையை எடுத்துக்கொண்டு நீ தங்கைக்கு எதிரியாக உட்கார்ந்தாய். தடித்த விதிப்புத்தகம் உனக்கு மனப்பாடம். அவளுக்கோ எது காலாள், எது குதிரை வீரன் என்பதே அன்றுதான் தெரியும். அவள் எதைச் செய்ய நினைத்தாலும், ‘அதற்கு விதியில் இடமில்லை’ என்று நீ சொல்ல நேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் யாருக்குத்தான் சிரத்தை இருக்கும்? ஆகவே, வீட்டில் ஆடும்போது இரு தரப்புத் தலைமையையும் வீட்டாரிடமே ஒப்படைத்துவிட்டு, நீ மத்தியஸ்தனாக விலகி நில் என்பதுதான் நான் சொல்ல விரும்பும் ஒரே யோசனை.

இது என் சொந்தக் கற்பனையன்று. இந்தக் கலையின் பூர்வோத்தரமே அதுதான். பிரஷ்ய நாட்டில் 1812இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு தம் அரசருக்குக் காட்டிய யுத்த விளையாட்டை, சேனையில் அதிகாரியாக இருந்த அவருடைய புதல்வர் சீர்திருத்தி 1824இல் வெளியிட்டபோது, எதிர்த்தரப்புத் தலைவர்கள் தத்தம் கட்டளைகளைச் சீட்டில் எழுதி மத்தியஸ்தரிடம் கொடுப்பதும், அவரே தேசப்படத்தின்மேல் படைகளை நகர்த்திப் பகடை உருட்டி, யார் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும் அவரவருக்குத் தெரிவிப்பதும் சம்பிரதாயமாயிற்று. முதலில் அலட்சியமாகப் பார்க்க வந்த ஜெனரல் மூஃப்ளிங், ஆட்டம் முடிவதற்குள் அதன் ஆதரவாளராகிவிட்டார். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போரில் ஆங்கிலேயத் தளபதி வெல்லிங்டனிடம் பிரஷ்யத் தரப்பின் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் அவர் என்பதால், அவருடைய மதிப்புக்குத் தனிக் கனம் உண்டு. பின்னாளில் விதிகளும் அட்டவணைகளும் பெருகி, கணக்குப் பார்ப்பதிலேயே பொழுது போய்விட, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அனுபவசாலியான மத்தியஸ்தரின் தீர்ப்பையே பிரமாணமாக்கினார். அறுபத்து நான்கு வருஷம் சுற்றி அந்த ராணுவத்தார் வந்து சேர்ந்த இடத்திலிருந்தே நீ தொடங்கலாம்.

நல்ல மத்தியஸ்தன் கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவனைப்போல. தான் இலைமுன் உட்காராமல், எந்த இலையில் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பவன். தங்கை, “இந்தத் தோட்டத்துச் சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியே சுடலாமா?” என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டாதே, அன்றைய சிப்பாயிடம் கோடரி இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று ஒரு கணம் யோசித்து, “நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் ஆகும்” என்று சொல்லிப் பகடையை அவள் கையில் கொடு. (பகடை என்றதும் பாட்டி சகுனியை நினைத்து முகம் சுளிப்பாள். இங்கே பந்தயம் எதுவும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வை.)

அடுத்தது, எந்தப் போரை ஆடுவது என்ற விஷயம். வாட்டர்லூ முழுவதையும் மேஜையில் கொண்டுவர ஆசைப்படுகிறாய். காப்டன் வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி அதே ஆசைக்கு ஆட்பட்டவர். 1830இல் தொடங்கி, மாதக்கணக்கில் அந்தக் களத்திலேயே தங்கி நிலத்தை அளந்து, ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்பில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளோடு ஒரு மாதிரியைச் செய்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். பிரஷ்யப் படைகள் எந்நேரத்தில் எங்கே வந்தன என்பதில் வெல்லிங்டன் தரப்பின் மனஸ்தாபமும், தீராத கடனும் அவருக்கு மிஞ்சின. லண்டனிலுள்ள தேசிய ராணுவக் காட்சிச்சாலையில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

ஆகவே முழுப் போரும் வேண்டாம்; நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் களத்தின் மத்தியில் இருந்த லா ஹே சேன்த் என்னும் ஒரே ஒரு பண்ணை வீடு. 1815 ஜூன் 18 அன்று மேஜர் ஜார்ஜ் பேரிங், ஆங்கிலேயருக்காகப் போரிட்ட ஹனோவர் ஜெர்மானியர் பட்டாளம் ஒன்றில் நானூறுக்குச் சற்றுக் குறைவானவர்களோடு அதைக் காத்து நின்றார். முந்தின இரவு கொட்டிய மழையில் நனைந்த சிப்பாய்கள் குளிர்காய்வதற்காகக் களஞ்சியத்தின் பெரிய கதவையே உடைத்து எரித்துவிட்டதால், மறுநாள் அந்த வாசல் அடைப்பின்றிக் கிடந்தது. பிரெஞ்சுக்காரர் களஞ்சியத்துக்குத் தீ வைத்தபோது, துணைக்கு வந்திருந்த நாஸோ என்ற ஜெர்மானிய நாட்டு வீரர்களின் சமையல் கொப்பரைகளில் நீர் மொண்டு அணைத்தார்கள். மற்றப் படைகளின் துப்பாக்கித் தோட்டா அவர்களுடைய ரைஃபிளுக்குப் பொருந்தாது. தோட்டா வேண்டுமென்று பேரிங் மீண்டும் மீண்டும் ஆள் அனுப்பினார். ஆட்கள் வந்தார்கள், தோட்டா மட்டும் வரவில்லை. மாலை ஆறு மணி அளவில் பண்ணை வீழ்ந்தது. தம்மோடு போரைத் தொடங்கியவர்களில் கடைசியில் 42 பேரே மிஞ்சி நின்றார்கள் என்று அவரே பிற்பாடு எழுதினார்.

இதில் உன் வீட்டார் எல்லோருக்கும் இடமிருக்கிறது. நான்கு தீப்பெட்டிகளும் ஓர் அட்டைச் சுவரும் பண்ணையாகட்டும். தங்கையிடம் முப்பது பொம்மைகளைக் கொடுத்து, பக்கத்தில் இருபது தீக்குச்சிகளை வை. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு குச்சியை அவளே எடுத்து உன் கையில் தர வேண்டும். அம்மா பிரெஞ்சுக்காரரை நடத்தட்டும். முட்டி வலியால் மேஜையைச் சுற்றி நிற்க முடியாத அப்பா, கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வெறும் தேசப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெல்லிங்டனாக இருக்கட்டும். தங்கை எழுதும் சீட்டை நீ வாங்கிச் சென்று, ஒரு முறை கழித்துத்தான் அவரிடம் கொடுப்பாய். ‘குச்சி ஐந்துதான் இருக்கிறது’ என்று அவள் எழுதியது அவர் கைக்குச் சேரும்போது இன்னும் குறைந்திருக்கும். அதைப் படித்துவிட்டு அவர் தோட்டாவுக்குப் பதிலாகப் பத்து ஆட்களை அனுப்பினாரானால், அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் வாக்குவாதத்தை நீ தூர இருந்து ரசிக்கலாம்.

நீள்வரிசை, பத்தி, சதுர வியூகம் ஆகிய மூன்றின் தத்துவத்தையும் உபந்நியாசம் செய்து விளக்காதே. குதிரைப்படை வரும்போது நாற்புறமும் முகம் காட்டித் துப்பாக்கிமுனைக் கத்திகளை நீட்டி நிற்கும் சதுரத்தின்மேல் குதிரை பாயாது. ஆனால் நெருங்கி நிற்கும் அதே சதுரத்தைப் பீரங்கி வாரிக்கொண்டு போகும். நீள்வரிசையாகப் பிரிந்தால் சுடும் வலிமை கூடும், குதிரைக்கு இரையாகவும் நேரும். வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு காட்ர் ப்ரா களத்தில், நெதர்லாந்தின் 22 வயது ஆரஞ்சு இளவரசரின் கட்டளையால் சதுரம் அமைக்காமல் வரிசையில் நின்ற ஆங்கிலேய 69ஆம் படை, கவசக் குதிரை வீரரிடம் சிக்கித் தன் கொடியையே பறிகொடுத்தது. அம்மாவிடம் குதிரைகளும் ஒரு பீரங்கியும் இருக்கட்டும். பண்ணைக்கு வெளியே நிற்கும் எட்டுப் பொம்மைகளை எப்படி நிறுத்துவது என்பதில் தங்கை இரண்டு முறை தவறிவிட்டால், மூன்றாம் முறை உன்னைவிட அவளுக்கே நன்றாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று: பொம்மைகள் உன் சொத்து என்ற எண்ணத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடு. 1826இல் யார்க்‌ஷயரின் ஹாவொர்த் பாதிரியார் லீட்ஸ் நகரிலிருந்து தம் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தபோது, பத்து வயது மகள் சார்லட் ஓடிவந்து ஒன்றை எடுத்து, “இவன்தான் வெல்லிங்டன்” என்றாள். அக்கா தம்பி சண்டை எதுவும் இல்லாமல் பிரான்வெல் தன் சிப்பாய்க்கு போனபார்ட் என்று பேர் வைத்தான். தங்கைகளான எமிலியும் ஆனும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் நாவலாசிரியைகளான அந்தப் பிரான்டி சகோதரிகளின் கற்பனை ராஜ்யங்கள் அந்தப் பெட்டியிலிருந்துதான் புறப்பட்டன. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் மலையில் க்ஷயத்துக்குச் சிகிச்சை பெறப் போயிருந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன், மனைவியின் மகனான சிறுவன் லாய்டோடு மேல்மாடத் தரையில் சாக்கட்டியால் தேசப்படம் வரைந்து, ஈயச் சிப்பாய்களை நகர்த்தி நாள்கணக்கில் யுத்தம் நடத்தியதோடு, அந்த யுத்தத்துக்குப் பத்திரிகைச் செய்திகளும் எழுதினார். உன் தங்கை ஒரு கர்னலுக்கு ‘சீனு மாமா’ என்று பேர் வைத்தால் திருத்தாதே.

வர்ணம் தீட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெளிநாட்டு 28 மில்லிமீட்டர் உலோகப் பொம்மைகள் அழகுதான், விலையும் அப்படியே; தொடக்கத்துக்கு 1/72 அளவுப் பிளாஸ்டிக் வீரர்கள் தாராளமாகப் போதும். பேரிங்கின் ஆட்கள் கரும்பச்சைச் சட்டைக்காரர்கள் என்பதால் ஒரே வர்ணப் புட்டியில் பாதி வேலை தீர்ந்துவிடும். பொத்தான்களுக்குப் பித்தளை நிறம் வைப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை இழுக்காதே. சாப்பாட்டு வேளைக்குள் மேஜையைக் காலி செய்துவிடு. வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கு. தீப்பெட்டியும் பகடையும் அளவு நாடாவும் இருந்தால் போதும், விதிப்புத்தகத்தை மட்டும் உன் அறையிலேயே வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அண்ணன்