நீரும் உணவும்: அட்டப்பாடியின் ஊர்கள்

நுழையும்முன்

மாநில எல்லை என்பது நிலப்படத்தில் ஒரு கோடு. நிலத்தில் அஃது ஓர் ஓடையாகவோ பாலமாகவோ இருக்கும். தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் அத்தகைய ஓர் ஓடைக்கு அப்பால் உள்ள மலைநாட்டில், பழங்குடி மக்களின் வாழ்வை உயர்த்தப் பல வளர்ச்சித் திட்டங்கள் மேற்கொள்ளப்பட்டன. அவை எங்கே பயன் தந்தன, எங்கே தவறின என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆனைகட்டியும் அட்டப்பாடியும்

கோயம்புத்தூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஆனைகட்டி அமைந்துள்ளது. 'யானை' என்னும் சொல்லின் வழக்கு வடிவமே 'ஆனை'. இவ்வூரின் ஒரு பகுதி தமிழ்நாட்டிலும் மறுபகுதி கேரளத்திலும் உள்ளது. இடையே ஓடுவது கொடுங்கரைப்பள்ளம். சிற்றாற்றையும் ஓடையையும் 'பள்ளம்' என்பது கொங்கு நாட்டு வழக்கு. அதனைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி தொடங்குகிறது.

அட்டப்பாடியின் பரப்பு ஏறத்தாழ 745 சதுர கிலோமீட்டர். அகளி, புதூர், சோலையூர் என்னும் மூன்று ஊராட்சிகள் இதில் அடங்கும். இருளர், முடுகர், குறும்பர் ஆகியோர் இதன் தொல்குடிகள். இவர்தம் குடியிருப்பை 'ஊர்' என்றே அழைக்கின்றனர். ஊருக்குத் தலைவர் மூப்பன். அவருக்குத் துணையாகக் குறுதலை, வண்டாரி, மண்ணுக்காரன் ஆகியோர் உள்ளனர். மண்ணின் தன்மையறிந்து விதைப்புக்குரிய காலத்தைக் கூறுபவர் மண்ணுக்காரன். உழவறிவுக்கென்றே ஒருவரை அமர்த்திய இவ்வேற்பாட்டை இன்றைய வேளாண் அலுவலகங்களுக்கு முன்னோடி எனலாம்.

மழை இங்கு ஒரே சீராகப் பெய்வதில்லை. அமைதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பொழிகிறது. ஆனைகட்டியை நோக்கிய கிழக்குப் பகுதியோ மழைமறைவு நிலம். அங்கு 1000 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கிடைக்கிறது. எனவே, காடு அழிந்தால் முதலில் வறள்வது கிழக்குப் பகுதியே ஆகும்.

நிலம் கைமாறிய வரலாறு

சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் பேசப்படும் தினைப்புனம் இம்மலைகளில் அண்மைக்காலம் வரை நேரில் காணத்தக்கதாக இருந்தது. ராகி, தினை, சாமை, துவரை, அவரை ஆகியவற்றை ஒரே நிலத்தில் கலந்து விதைத்தனர். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக விளைந்தமையால், ஆண்டின் பல மாதங்களுக்கு உணவு கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, மேற்கிலிருந்து மலையாளிகளும் கிழக்கிலிருந்து தமிழரும் இங்குப் பெருமளவில் குடியேறினர். பிழைப்புத் தேடி வந்தவர்களே அவர்களிற் பலர். எனினும், எழுத்தறிவும் ஆவணமும் இல்லாத மக்களின் நிலங்கள் அவர்கள் கையைவிட்டு நழுவின. 1951ஆம் ஆண்டில் அட்டப்பாடி மக்களுள் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001ஆம் ஆண்டிலோ அவர்கள் பாதிக்கும் குறைவாயினர். மரங்கள் வெட்டப்பட்டன, மேல்மண் மழையில் கரைந்தது, கொடுங்கரைப்பள்ளம் வறண்டது. நிலத்தை இழந்தோர் கூலிவேலையையும் நியாயவிலைக் கடையின் அரிசியையும் நம்பி வாழலாயினர்.

நீர் திரும்பியது

இந்நிலையை மாற்ற, கேரள அரசு 1990களில் 'அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம்' என்னும் அமைப்பை உருவாக்கியது. மக்கள் இதனை 'அஹாட்ஸ்' என்று அழைத்தனர். ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் 1996ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டம் 2010ஆம் ஆண்டு வரை நீடித்தது. மரம் நடுதல், சரிவுகளில் கல்வரப்பு அமைத்தல், தடுப்பணை கட்டுதல், மழைநீர் மண்ணுள் இறங்கக் குழி தோண்டுதல் ஆகியன இதன் முதன்மைப் பணிகள்.

இத்திட்டத்தின் சிறப்பு, பணியை யார் செய்தனர் என்பதில் அடங்கியுள்ளது. ஒவ்வோர் ஊரிலும் ஊர் வளர்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. நாற்றங்கால் வளர்த்தவர்களும் குழி தோண்டியவர்களும் கூலி பெற்றவர்களும் அவ்வூராரே. வீடு கட்டும் பணியும் இக்குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தாம் குடியிருக்கப் போகும் வீட்டின் சுவரில் சிமெண்ட்டைக் குறைக்க எவர்க்கு மனம் வரும்? ஒப்பந்தக்காரர் எழுப்பிய வீடுகளைவிட இவை உறுதியாக அமைந்தன.

சில ஆண்டுகளில் மொட்டைக் குன்றுகள் பசுமை பெற்றன. வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீர் ஓடியது.

இதனை ஒத்த முயற்சி ஒன்று ஆப்பிரிக்காவில் முன்னரே நடைபெற்றுள்ளது. கென்யா நாட்டில் காடு குறைந்ததால், சிற்றூர்ப் பெண்கள் விறகுக்கும் நீருக்கும் நெடுந்தொலைவு நடக்க நேர்ந்தது. வங்காரி மாத்தாய் என்னும் அறிவியலாளர் 1977ஆம் ஆண்டில் 'பசுமைப் பட்டை இயக்கத்தை' அங்குத் தொடங்கினார். பெண்கள் குழுவாகச் சேர்ந்து நாற்று வளர்த்தனர். நட்ட கன்று பிழைத்தால் அதற்கெனச் சிறு தொகை பெற்றனர். நட்டமைக்கன்றி, பிழைத்தமைக்குப் பணம் என்னும் அந்த விதி மிக எளியது. ஆனால் கன்றுக்கு நீர் ஊற்ற மறவாதவாறு செய்தது அதுவே. 3 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை அவ்வியக்கத்தார் நட்டனர். மாத்தாய் 2004ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே.

2013ஆம் ஆண்டின் துயரம்

அட்டப்பாடியில் நீர் திரும்பியது, வீடுகளும் எழுந்தன. ஆயினும் 2013ஆம் ஆண்டில் அங்குப் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. இறந்தவர்களுள் பலர் பச்சிளங் குழந்தைகள். தாய்மார்கள் குருதிச் சோகையால் நலிந்திருந்தனர். குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன.

பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றுக்காகப் பல்லாண்டுகளாகப் பணம் செலவிடப்பட்ட பகுதி இது. நாட்டின் மிகச் சிறந்த நலவாழ்வுக் குறியீடுகளைக் கொண்ட மாநிலங்களுள் ஒன்று கேரளம். அங்கே இது நிகழ்ந்தது ஏன்? மருத்துவ வசதியின் குறைபாடு ஒரு காரணம். ஆனால், அதனினும் ஆழமான காரணம் அடுப்பில் இருந்தது. ராகியும் சாமையும் துவரையும் கீரையும் இருந்த கலத்தில் வெறும் அரிசிச்சோறே எஞ்சியது. சிறுதானியம் தந்த இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் பருப்பு தந்த புரதமும் குறைந்தன. நிலத்தை இழந்ததன் விளைவு, ஒரு தலைமுறைக்குப் பின் குழந்தையின் எடையில் தெரிந்தது.

ஊர்ச் சமையலறை

கேரளத்தில் 1998 முதல் இயங்கிவரும் பெண்கள் அமைப்பு குடும்பஸ்ரீ. 2013ஆம் ஆண்டின் துயரத்திற்குப்பின், நடுவண் அரசின் ஊரக வாழ்வாதாரத் திட்ட உதவியோடு, இவ்வமைப்பு அட்டப்பாடிக்கெனத் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

பிற இடங்களில் குடும்பஸ்ரீயின் குழுக்கள் ஊராட்சி வார்டு அடிப்படையில் இணைக்கப்படுகின்றன. அட்டப்பாடியிலோ, வார்டுக்கு மாற்றாக ஊரே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. பெண்களின் அண்டைவீட்டுக் குழுக்கள் ஊர்ச்சமிதியாகவும், ஊர்ச்சமிதிகள் ஊராட்சிச் சமிதியாகவும் இணைந்தன. வார்டின் எல்லை அலுவலகத்தார் வகுத்தது. ஊரின் எல்லை மக்கள் மனத்தில் உள்ளது. ஒரு சொல்லை மாற்றியது போலத் தோன்றும் இச்செயல், மக்கள் தயக்கமின்றி வந்து அமரும் கூட்டத்தை உருவாக்கியது.

ஊர்கள்தோறும் சமுதாயச் சமையலறைகள் திறக்கப்பட்டன. அவ்வூர்ப் பெண்களே அங்குச் சமைத்தனர். கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், முதியோர் ஆகியோர்க்குச் சூடான உணவு வழங்கப்பட்டது. சமைப்பவர்க்கு யார் கருவுற்றிருக்கிறார், யார் இரண்டு நாள்களாக வரவில்லை என்பது தெரியும். எந்தப் பதிவேட்டாலும் இந்த அறிவைத் தர இயலாது.

அடுத்த பணி வயலில் தொடங்கியது. தரிசாகக் கிடந்த நிலங்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சிறுதானியம் விதைத்தனர். 2017ஆம் ஆண்டு முதல் கேரள அரசின் சிறுதானியக் கிராமத் திட்டமும் இதற்குத் துணை நின்றது. தேன், துவரை, ராகி முதலிய விளைபொருள்களை 'ஹில் வேல்யூ' என்னும் பெயரில் குடும்பஸ்ரீ விற்பனைக்குக் கொண்டுவந்தது. அட்டப்பாடித் துவரையும் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரையும் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. ஆட்டின் கொம்பைப் போல வளைந்திருப்பதால் அவ்வவரை இப்பெயர் பெற்றது.

சமையலறைகள் இன்றும் அரசு நிதியையே சார்ந்துள்ளன. நிதி தாமதித்தால் அடுப்பும் தாமதிக்கும். கைமாறிய நிலம் பற்றிய வழக்குகள் பலவும் முடிவின்றி நீள்கின்றன. தன் நிலத்தில் விளைந்த ராகி தன் வீட்டு அடுப்பில் களியாகும் குடும்பத்திற்கு, அரசுச் சமையலறை தேவைப்படுவதில்லை. அட்டப்பாடியின் ஊர்கள் அந்நிலையை இன்னும் எட்டவில்லை.

சொல்லும் பொருளும்

புனம் – மலைச்சரிவில் உள்ள விளைநிலம்
மழைமறைவு நிலம் – மலையின் தடுப்பால் மழை குறைவாகப் பெறும் பகுதி
குருதிச் சோகை – குருதியில் இரும்புச்சத்துக் குறைவு முதலியவற்றால் வரும் நோய்
தரிசு – பயிரிடப்படாத நிலம்

மதிப்பீடு

1. மண்ணுக்காரனின் பணி யாது?
2. ஊர் வளர்ச்சிக் குழுக்கள் கட்டிய வீடுகள் உறுதியாக அமைந்தமைக்குக் காரணம் என்ன?
3. 'ஒரே நிலத்தில் பல பயிர்' என்னும் முறையால் விளைந்த நன்மையை எழுதுக.
4. நீர் திரும்பிய பின்னும் 2013ஆம் ஆண்டின் துயரம் நிகழ்ந்தது ஏன்? பாடத்தின்வழி விளக்குக.
5. உம் வீட்டுப் பெரியவர்கள் தம் சொந்த ஊரில் இளமையில் உண்ட சிறுதானிய உணவுகளைக் கேட்டறிந்து, அவற்றின் பெயர்களைத் தமிழில் பட்டியலிடுக. அவற்றுள் எவை இன்று உம் வீட்டில் சமைக்கப்படுகின்றன?