சுற்றுலாப் படங்கள்: எடுப்போம், எழுதி வைப்போம், கேட்டுப் பகிர்வோம்



ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839-ஆம் ஆண்டு அதே தேதியில்தான் லூயி டாகேர் என்பவர் கண்டுபிடித்த படம் எடுக்கும் முறையை பிரான்சு நாட்டில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார்கள். அதனால் இந்த மாதச் சுவர் இதழுக்குப் படங்களைப் பற்றி எழுதுகிறேன். எல்லாப் படங்களைப் பற்றியும் இல்லை. டூர் போகும்போதும், தீம் பார்க், டேம், கோட்டை என்று சுத்திப் பார்க்கும்போதும் நாம் எடுக்கிற படங்களைப் பற்றி மட்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பது பாதி வேலைதான். யார், எங்கே, எப்போது என்று எழுதி வைப்பதும், படத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்குக் காட்டுவதும் மீதிப் பாதி.

1. ஒரு படம் பல படம் ஆனது

நாம் புகைப்படம் என்கிறோம். அதில் புகையே கிடையாது! ஒளியால் வரையப்படுவதால் ஒளிப்படம் என்ற பெயர்தான் சரியாகப் பொருந்தும்.

டாகேர் முறையில் வெள்ளி பூசிய தகட்டில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். நகல் எடுக்க முடியாது. அந்தப் படத்தை நண்பருக்குக் கொடுத்துவிட்டால் நம்மிடம் ஒன்றும் இருக்காது. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் வேறு வழி கண்டுபிடித்தார். முதலில் காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் அச்சு போடலாம். இதற்கு 1841-ல் அவர் காப்புரிமை வாங்கினார். படத்தைப் பகிர்ந்துகொள்வது அப்போதுதான் சுலபமானது என்று சொல்லலாம்.

1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் காமிராவை விற்க ஆரம்பித்தார். அதற்குள் 100 படம் எடுக்கும் சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் காமிராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களை அச்சு போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதன்பிறகு படம் எடுக்க ரசாயனம் தெரிய வேண்டியதில்லை. சாதாரண மக்களும் ஊர் சுற்றும்போது படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

2. தமிழ்நாட்டைச் சுற்றிய காமிரா

நம் மாநிலத்தில் இந்தக் கதை ரொம்பப் பழையது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதராஸ் அரசாங்கத்துக்காகப் படம் எடுத்தவர். 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பயணம் செய்து கோவில்களையும் அரண்மனைகளையும் படம் எடுத்தார். பெரிய மரக் காமிரா, அதற்கு ஏற்ற காகித நெகட்டிவ், ரசாயன பாட்டில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாம் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது மாதிரி இல்லை.

தஞ்சைப் பெரிய கோவிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டினார். அதன் நீளம் சுமார் 19 அடி! இன்றைய போனில் இருக்கும் பனோரமாவை அவர் கையாலேயே செய்திருக்கிறார். தன் படங்களை ஆல்பமாகவும் வெளியிட்டார். ஒவ்வொன்றும் எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று அதில் குறிப்பு உண்டு. அதனால்தான் 160 வருஷம் கழித்தும் அவை பயன்படுகின்றன. பெயர் எழுதாமல் விட்டிருந்தால் எத்தனையோ படங்கள் வெறும் "ஏதோ ஒரு மண்டபம்" என்று ஆகியிருக்கும்.

3. சேர்ந்து பார்த்தால் படம் வளரும்

1857-ல் மதராஸில் புகைப்படச் சங்கம் தொடங்கினார்கள். ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹன்டர் இதற்கு முக்கியக் காரணம். பம்பாயில் 1854-லும் கல்கத்தாவில் 1856-லும் இப்படிச் சங்கங்கள் வந்திருந்தன. மதராஸ் சங்கம் இன்றைக்கும் சென்னையில் நடக்கிறது. தொழிலுக்காக இல்லாமல் ஆசைக்காகப் படம் எடுப்பவர்களும் இப்படிப்பட்ட சங்கங்களில் சேர்ந்து, எடுத்த படத்தைக் காட்டி மற்றவர்கள் கருத்தைக் கேட்பார்கள்.

இங்கிலாந்தில் இன்னொரு அழகான பழக்கம் இருந்தது. வேறு வேறு ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து தபால் குழு அமைப்பார்கள். ஒரு பெட்டியில் ஆளுக்கொரு படம் வைத்து, கூடவே ஒரு நோட்டும் வைத்து, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தபாலில் அனுப்புவார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் படத்தைப் பார்த்து, எது நல்லா இருக்கு, எதை மாத்தலாம் என்று நோட்டில் எழுதுவார்கள். பெட்டி ஒரு சுற்று சுற்றி வீட்டுக்கு வரும்போது தன் படத்தைப் பற்றி எல்லாரும் எழுதியது இருக்கும்.

இப்போது நமக்கு ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்ப முடிகிறது. ஆனால் கட்டைவிரல் படம் ஒன்றுதான் பதிலாக வருகிறது. யாரும் நின்று பார்ப்பதில்லை. தபால் பெட்டி மெதுவாகப் போனாலும் அதில் கல்வி இருந்தது.

4. நம்ம ஊருக்கு வந்த புகைப்படக்காரர்

உலகப் புகழ் பெற்ற ஆன்ரி கார்த்தியே-பிரெசான் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் நம் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1950 ஏப்ரலில் ரமணாசிரமத்தில் ரமணரின் கடைசி நாட்களில் அவர் இங்கே இருந்து படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமணர் மறைந்தார். அந்த நேரத்தில் வானத்தில் ஓர் எரிநட்சத்திரம் மெதுவாகப் போனதைக் கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய புகைப்படக்காரரே பார்த்ததை நேரத்தோடு குறித்துச் சொன்னார். அதனால்தான் அந்த இரவைப் பற்றி இன்றும் பேசுகிறோம். படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, கூட எழுத்தும் வேண்டும்.

5. எல்லார்கிட்டயும் ஒரே படம்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதர் பல வருஷமாகப் பெயர் பெற்றவர். கண்ணைக்கூட அசைக்காமல் நிற்பார், சிரிக்க வைக்க எல்லாரும் முயற்சி செய்வார்கள். அங்கே போய் வந்த வீடுகளில் எல்லாம் அவர் பக்கத்தில் நின்று எடுத்த ஒரே மாதிரிப் படம் இருக்கும். சாத்தனூர் அணையும் அப்படித்தான். 1958-ல் கட்டி முடித்த அணை, பூங்கா, முதலைப் பண்ணை எல்லாம் இருக்கு. நாம் எடுப்பது என்னவோ அணைக்கு முன்னால் வரிசையாக நின்று விரலை "வி" மாதிரி காட்டும் படம்தான்.

அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று எடுங்கள். அதோடு யாரும் எடுக்காததையும் எடுங்கள். எல்லாரும் தண்ணியில் ஆடும்போது பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா. காகிதத்தில் கட்டி வந்த புளிசோறு. ராட்டினத்தில் ஏறும் முன் பயந்த முகம், இறங்கிய பின் சிரித்த முகம். டிக்கெட் கிழிக்கும் அண்ணன், அவரைக் கேட்டுவிட்டு. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் இவைதான் அந்த நாளைத் திரும்பக் கொண்டுவரும். அணை அங்கேயேதான் இருக்கும். பெரியம்மாவுக்கு வயசாகிவிடும்.

6. எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

அ) உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். ஆளை மர நிழலுக்குக் கூப்பிடுங்கள். காலையும் மாலையும் வெளிச்சம் சாய்வாக வரும், முகம் நன்றாக இருக்கும்.

ஆ) நம் ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. அடியில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்வது மாதிரி வரும். தெருவில் தள்ளிப் போய் எடுத்தால் நேராக வரும். கோவிலுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே கோபுரத்தை வெளியே இருந்தே எடுப்போம்.

இ) கார்த்திகை தீபத்தன்று பலர் ஃபிளாஷ் அடிக்கிறார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் சில அடி தூரம்தான் போகும். 2,668 அடி உயர மலைக்கு எப்படிப் போகும்? முன்னால் நிற்பவர் தலைதான் வெளுத்துப் போகும். ஃபிளாஷை அணைத்து, போனைச் சுவர் மேல் வைத்து அசையாமல் எடுங்கள்.

ஈ) ஓடும் ராட்டினத்தை எடுக்கும்போது போனையும் அதே வேகத்தில் கூடவே திருப்பினால் ஆள் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். முதல் தடவையே வராது, பழகணும்.

உ) ராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டும், அணைச் சுவர் மேல் ஏறியும், ரயில் பாதையில் நின்றும் படம் எடுக்கவே கூடாது. உயிரை விட எந்தப் படமும் பெரிசு இல்லை.

7. பின்பக்கம் எழுதுங்கள்

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இரண்டு பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. ஒன்றின் பின்பக்கம் தாத்தா மையில் எழுதியிருக்கிறார்: "சாத்தனூர் டேம், காணும் பொங்கல், 1979. நான், தங்கச்சி, பெரிய பையன்." அவ்வளவுதான். அதை வைத்தே வீட்டில் ஒரு மணி நேரம் கதை பேசுவோம். யார் மாட்டு வண்டி பூட்டியது, யார் வழியில் வாந்தி எடுத்தது எல்லாம் வரும்.

இன்னொரு படத்தில் ஆயா சின்னப் பெண்ணாக ஒரு கோட்டைச் சுவருக்கு முன்னால் நிற்கிறாங்க. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. செஞ்சிக் கோட்டை மாதிரி இருக்கு, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழந்தை யார் என்று அப்பாவுக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. ஆயாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆயா போன வருஷம் மாசி மாதம் இறந்துட்டாங்க. இனிமேல் கேட்க ஆளே இல்லை.

உங்கள் வீட்டில் தாத்தா, ஆயா இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆல்பத்தை எடுத்து அவங்க பக்கத்தில் உட்காருங்கள். பென்சிலால் மெதுவாகப் பின்பக்கம் எழுதுங்கள். பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தெரியும். போனில் உள்ள படம் என்றால் ஒரு நோட்டில் தேதி, இடம், பெயர் எழுதி வையுங்கள். போன் உடைந்தாலும் நோட்டு இருக்கும்.

8. கேட்டுவிட்டுப் பகிருங்கள்

இது மாணவிகளுக்கு முக்கியம், மாணவர்களுக்கு அதைவிட முக்கியம். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தோழிகளோடு டூர் போனபோது தண்ணீர் சறுக்கில் சிரித்துக்கொண்டு வருவதை யாரோ எடுத்து, கேட்காமலே பலருக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் கேலியாக வார்த்தை சேர்த்தார். படம் சுற்றிச் சுற்றி அந்த அக்கா வீட்டுக்கே வந்தது. அடுத்த டூருக்கு வீட்டில் அனுப்பவில்லை. படம் எடுத்தவரும் வார்த்தை சேர்த்தவரும் டூர் போனார்கள். சிரித்தவர் வீட்டில் இருந்தார். இது எந்த ஊர் நியாயம்?

"பெண் பிள்ளைகள் படமே எடுத்துக்கக் கூடாது" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தப்பு படத்தில் இல்லை, கேட்காமல் அனுப்பியதில் இருக்கு. எடுக்கும் முன் ஒரு தடவை, அனுப்பும் முன் ஒரு தடவை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்கும், பூ விற்கும் அம்மாக்களுக்கும் இதே மரியாதை உண்டு. ஏழை என்பதால் கேட்காமல் எடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

அடுத்தவர் எடுத்த படத்தை நம்முடையது என்று காட்டுவதும் தவறு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். (இங்கே ஆசிரியர் என்றால் நம்ம டீச்சர் இல்லை, உருவாக்கியவர்!) யாராவது உங்கள் படத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் பயந்து ஒளிக்காதீர்கள். அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்கும் இலவசமாகப் பேசலாம்.

9. நம் பள்ளியில் என்ன செய்யலாம்?

இந்தச் சுவர் இதழுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை மாட்டலாம். மாதம் ஒரு படம், அச்சு போட்டு ஒட்டலாம். வீட்டுப் பழைய படமும் சரி, டூர் படமும் சரி. அடியில் நூல் கட்டிய நோட்டு ஒன்று தொங்கட்டும். அதில் நல்லா இருப்பது ஒன்று, மாத்த வேண்டியது ஒன்று என்று இரண்டு வரி எழுதுங்கள். போன் இல்லாதவர்களும் இதில் சேரலாம், ஏனென்றால் பார்ப்பதற்குக் கண் போதும். படத்தில் இருக்கும் இடத்தை, ஆளை அடையாளம் சொல்வதும் பெரிய உதவி.

உங்களுக்குத் தெரியுமா?

* லின்னேயஸ் ட்ரைப் படங்களில் வானத்தில் தெரியும் மேகங்கள் சில அவர் நெகட்டிவ் மேல் கையால் தீட்டியவை. அந்தக் கால ஃபில்டர்!

* செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

யோசித்துப் பதில் எழுதுங்கள் (நோட்டுக் கிழித்து இதழ்ப் பெட்டியில் போடவும்)

1. டாகேர் படத்துக்கும் டால்பட் படத்துக்கும் என்ன வேறுபாடு?

2. மலை தீபத்துக்கு ஃபிளாஷ் ஏன் பயன்படாது?

3. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய படம் எது? அதில் இருப்பவர்கள் யார் என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் சீக்கிரம் பதில் தேடுங்கள். மற்ற இரண்டும் புத்தகத்தில் எப்போதும் இருக்கும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி