தெரிந்த மெட்டு, புதிய சொல்



போராட்டப் பாட்டுக்கு இரண்டு தேவை: மக்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டு, அவர்கள் வழக்கமாகக் கூடும் இடம். மெட்டு பழகியதாக இருந்தால் சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும்; இரண்டாவது முறை பாடும்போதே கூட்டமும் சேர்ந்து பாடிவிடும்.

சிவகாசியில் 1886இல் பிறந்த விஸ்வநாத தாஸுக்கு அந்த இடம் நாடக மேடை. விடிய விடிய நடக்கும் புராண நாடகத்துக்கு ஊரே திரளும். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாக வரும் தாஸ், கதைக்கு நடுவே விடுதலைப் பாட்டுகளைப் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய ஒரு பாட்டு வெள்ளையரைக் கொக்காக்கிக் கேலி செய்தது. தினைப்புனத்தில் பறவை விரட்டும் வள்ளியின் கதையில் அது உறுத்தாமல் பொருந்தியது. நாடகங்களைத் தடுக்க 1876ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கையில் இருந்தது. தாஸ் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில், முருகன் வேடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் வாழ்ந்த திருமங்கலத்தில் நினைவு இல்லம் உள்ளது.

அமெரிக்காவில் இதே உத்தியைத் தொழிற்சங்கங்கள் கையாண்டன. உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம் 1909இல் சட்டைப் பையில் அடங்கும் பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டது. ஸ்வீடனிலிருந்து குடியேறிய ஜோ ஹில், தேவாலயப் பாட்டு மெட்டுகளில் கூலி, பசி, வேலைநிறுத்தம் பற்றி எழுதினார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு 1915இல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பீட் சீகர், லீ ஹேய்ஸ், வுடி கத்ரி ஆகியோர் இருந்த ‘ஆல்மனாக் சிங்கர்ஸ்’ 1941இல் சங்கக் கூட்டங்களில் பாடியது. சங்கம் அமைப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பாட்டும் அவர்களிடம் இருந்தது. சீகரும் ஹேய்ஸும் 1948இல் தொடங்கிய ‘வீவர்ஸ்’ குழுவின் இசைத்தட்டுகள் நாடெங்கும் விற்றன. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் அதே குழுவுக்கு வானொலியும் அரங்குகளும் கதவடைத்தன.

தமிழில் இத்தகைய குழுக்களுக்கு மிக நெருங்கியது, தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்தின் பாவலர் வரதராஜனுடையது. கம்யூனிஸ்ட் மேடைகளுக்கு அவர் எடுத்துக்கொண்டவை சினிமா மெட்டுகள். டூரிங் டாக்கீஸில் கேட்ட மெட்டு எல்லோர் வாயிலும் இருந்தது. அதில் விலைவாசியும் நிலமும் கூலியும் ஏறின. 1958இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில் பாவலர் பாடினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் மூவரும் குழுவில் இருந்தனர். அன்று பெண்குரலில் பாடிய சிறுவன் ராசையாதான் பின்னாளில் இளையராஜா. 1968இல் தம்பிகள் சென்னைக்குச் சென்றனர்; 1973இல் பாவலர் மறைந்தார். மதுரையில் 1975இல் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம், பின்னர் கலை இலக்கிய இரவுகள் வழியாக இத்தகைய பாட்டுக்கு மேடை தந்தது.

மெட்டு கிடைத்தாலும், கூடும் இடம் தொழிலுக்குத் தொழில் மாறும். பஞ்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது நூற்றுக்கணக்கானோர் வாசலில் கூடுவர். அங்கே நின்று பாடலாம். தாஸ் பிறந்த சிவகாசியின் பட்டாசு ஆலைகளில் அது எளிதன்று. விபத்து பரவாமலிருக்க அறைகள் தள்ளித் தள்ளிக் கட்டப்படுகின்றன. வெடிமருந்து கையாளும் அறையில் ஒருசிலரே அமரலாம். ஆலைகளும் ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் சிதறிக் கிடக்கின்றன. ஆட்கள் பல கிராமங்களிலிருந்து வேனில் வருகின்றனர். இங்கே பாட்டு போகவேண்டிய இடம் தொழிலாளர் திரும்பிச் செல்லும் தெருவும் திருவிழா மேடையும்தான். தாஸ் பாடியதும் அப்படிப்பட்ட மேடையில்தான்.

பாட்டு மட்டும் கூலியை உயர்த்திவிடாது. அதற்குச் சங்கமும் பேச்சுவார்த்தையும் வேண்டும். ஆனால் தனித்தனியே இருப்பவர்களைப் பாட்டு ஒரே குரலாக்கும். அரசுகள் அதை அலட்சியப்படுத்தாததற்குக் காரணம் இதுவே. அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் கைதானார்.