ஆம்பியரைக் கேட்பது ப்ரொப்பெல்லர்
ஆர்சி படகின் மோட்டார், இஎஸ்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆர்சி கார் ஓட்டியவர்களும் ட்ரோன் கட்டியவர்களும் படகுக்கு வரும்போது பழைய கணக்குகளையும் கையோடு கொண்டுவருகிறார்கள். மோட்டார் அதே மூன்று வயர் பிரஷ்லெஸ் மோட்டார்தான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. மாறுவது சுமை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. வளைவில் த்ராட்டிலை விட்டதும் கார் தானாக உருளும், அந்த நேரத்தில் மோட்டார் ஆறும். விமானம் வேகமெடுத்ததும் ப்ரொப்பெல்லரின் பாரம் தளரும். படகுக்கு இந்த ஓய்வு கிடையாது. த்ராட்டில் திறந்திருக்கும் ஒவ்வொரு வினாடியும் ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதை மறந்ததால் பிறந்த நம்பிக்கைகள்தான் நிறைய இஎஸ்சிகளை எரிக்கின்றன.

கணக்குக்காக ஒரு படகை வைத்துக்கொள்வோம்: 75 செ.மீ. நீளமுள்ள டீப்-வீ ஹல் (ஆழமான வி வடிவப் படகு உடல்), ஒற்றை ப்ரொப்பெல்லர், 4எஸ் லிப்போ பேட்டரி (தொடராக இணைத்த நான்கு செல்கள்), 3660 அளவு மோட்டார், அதாவது 36 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம்.

நம்பிக்கை: கேவி எண் பெரிதாக இருந்தால் மோட்டாருக்குச் சக்தி அதிகம்.

ஒரு வோல்ட் கொடுத்தால், சுமை ஏதும் இல்லாமல், மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் கேவி. கிலோவோல்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2000 கேவி மோட்டாருக்கு 4எஸ்ஸின் 14.8 வோல்ட் கொடுத்தால் 29,600 சுற்று. அதே உடலில் வைண்டிங்கின் சுற்றுகளைக் குறைத்துத் தடித்த கம்பி போட்டால் கேவி ஏறும். ஆனால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை அதே விகிதத்தில் இறங்கும். 9.55ஐக் கேவியால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும்: 2000 கேவி மோட்டாருக்கு ஆம்பியருக்கு 0.0048 நியூட்டன்-மீட்டர், 1000 கேவி மோட்டாருக்கு அதைப் போல் இரண்டு மடங்கு.

சக்தியைத் தாங்குவது செம்பும் இரும்பும் காந்தமும். அதாவது மோட்டாரின் அளவும் எடையும். 3660க்கும் 3674க்கும் நீளத்தில் 14 மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் நீண்ட ஓட்டத்தில் அந்த 14 மி.மீ. நன்றாகவே தெரியும். எத்தனை வினாடிக்கு என்று சொல்லாமல் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்ஸ் எண்ணை நம்பி வாங்காதீர்கள். கேவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது படகுக்கு எவ்வளவு சுற்று வேண்டும் என்பதிலிருந்து. நீர்மட்டத்தைக் கிழித்து ஓடும் வேகப் படகுக்கு, சுமையில்லாக் கணக்கில் 25,000 முதல் 35,000 வரை வழக்கம். இழுவைப் படகின் மாதிரிக்குச் சில ஆயிரம் சுற்றும் பெரிய ப்ரொப்பெல்லரும் போதும். அங்கே கேவி குறைந்த, வெளிக்கூடு சுழலும் அவுட்ரன்னர் மோட்டார்தான் அழகாக ஓடும்.

நம்பிக்கை: வோல்டேஜைக் கூட்டினால் ஆம்பியர் குறையும், அதனால் 6எஸ் பாதுகாப்பானது.

பாதி உண்மை என்பதால்தான் இது ஆபத்தானது. மோட்டாரை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றுகிறவர்கள் இதை நம்பித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ப்ரொப்பெல்லர் கேட்கும் முறுக்குவிசை, சுற்றின் இருமடியாக ஏறும். கேட்கும் சக்தி மும்மடியாக ஏறும். நம் படகு 4எஸ்ஸில் 60 ஆம்பியர் எடுக்கிறது என்று வைப்போம். ப்ரொப்பெல்லரைத் தொடாமல் அதே 2000 கேவி மோட்டாருக்கு 6எஸ் கொடுத்தால் சுற்று ஒன்றரை மடங்காகும். சக்தியின் தேவை ஒன்றரையின் மும்மடி, அதாவது 3.4 மடங்கு. வோல்டேஜ் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. மீதியை ஆம்பியர்தான் ஈடுகட்ட வேண்டும். 60 இருந்த இடத்தில் 135 வரும். நிஜத்தில் வோல்டேஜ் இறங்குவதாலும் ப்ரொப்பெல்லர் பாதி நீருக்கு வெளியே சுற்றுவதாலும் எண் சற்று முன்பின் ஆகலாம். ஆனால் திசை மாறாது: ஆம்பியர் ஏறும்.

குறைய வேண்டுமானால் கேவியும் சேர்ந்து குறைய வேண்டும். 6எஸ்ஸுக்கு 1330 கேவி மோட்டார் போட்டால் சுற்று பழையபடியே இருக்கும், சக்தியும் அதுவே, ஆம்பியர் 40 ஆகும். வயரிலும் இஎஸ்சியிலும் பிறக்கும் சூடு ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 60க்குப் பதில் 40 என்றால் சூடு பாதிக்கும் கீழே. பேட்டரியின் எடையும் கூட வேண்டியதில்லை. 4எஸ் 5000 மில்லியாம்பியர்-மணியில் இருக்கும் 74 வாட்-மணி, 6எஸ்ஸில் 3300ஐ ஒட்டிய பேட்டரியிலேயே கிடைத்துவிடும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த லாபம் பேட்டரிக்கும் வயருக்கும் இஎஸ்சிக்கும்தான். மோட்டாரின் செம்பு அதே அளவுதான் சூடாகும், ஏனெனில் கேவி குறைந்த வைண்டிங்கின் மின்தடை அந்த அளவுக்குக் கூடுதல்.

ப்ரொப்பெல்லரின் விட்டம் இதைவிடக் கடுமையானது. சக்தியின் தேவை விட்டத்தின் ஐந்தாம் மடியாக ஏறும். 40 மி.மீ. ப்ரொப்பெல்லரைக் கழற்றி 42 மாட்டினால் 60 ஆம்பியர் 76ஐத் தாண்டும். 44 மாட்டினால் 97ஐ நெருங்கும். கையில் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் ஹல், அடுத்து ப்ரொப்பெல்லர், அதற்கு வேண்டிய சுற்று, அந்தச் சுற்றுக்கேற்ற வோல்டேஜும் கேவியும், இத்தனையும் முடிவான பிறகுதான் இஎஸ்சி. கடையில் இஎஸ்சியிலிருந்து தொடங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

நம்பிக்கை: 120 ஆம்பியர் இஎஸ்சி சின்ன மோட்டாரை எரித்துவிடும்.

எரிக்காது. இஎஸ்சி ஆம்பியரைத் திணிப்பதில்லை. மோட்டார் இழுப்பதைக் கொடுக்கிறது. 60 ஆம்பியர் எடுக்கும் படகுக்கு 90, 120 என்று தாராளமாக வைப்பதே நல்லது. ஆனால் பெரிய இஎஸ்சி காவலும் அல்ல. ப்ரொப்பெல்லரில் பாசி சுற்றி மோட்டார் நின்றுபோனால், த்ராட்டிலை நீங்கள் விடும்வரை அது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நம்பிக்கை: காரில் ஓடிய 100 ஆம்பியர் இஎஸ்சி படகிலும் 100 ஆம்பியர்தான்.

அந்த 100, ஃபேனின் காற்றும் இடையிடையே ஓய்வும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட எண். மூடிய ஹல்லுக்குள் காற்றோட்டமே இல்லை, ஃபேன் அதே சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். படகுக்கென்று செய்த இஎஸ்சியில் தண்ணீர் ஓடும் குழாய் இருக்கும், சர்க்யூட் போர்டு ஈரம் படாதபடி மூடியிருக்கும்.

நம்பிக்கை: ப்ரொப்பெல்லர் சற்றுப் பெரிதானால் என்ன, பாதி த்ராட்டிலில் ஓட்டினால் போயிற்று.

பாதி த்ராட்டில் என்பது வோல்டேஜைப் பாதியாக்குவது அல்ல. முழு வோல்டேஜையே வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பது. ஒவ்வொரு வெட்டிலும் இஎஸ்சியின் உள்ளே இழப்பு உண்டு. கெப்பாசிட்டர்கள் மீது விழும் சுமையும் நடு த்ராட்டிலில்தான் உச்சம். அதோடு வேகப் படகு நடுவேகத்தில் நீர்மட்டத்துக்கு எழாமல் மூக்கைத் தூக்கியபடி தண்ணீரை உழுதுகொண்டு போகும். ஹல்லின் இழுவை மிக அதிகமாக இருக்கும் இடம் அது. பெரிய ப்ரொப்பெல்லரோடு அந்த நிலையிலேயே சுற்றிக்கொண்டிருப்பது இஎஸ்சியை மெல்லக் கொல்வதற்குச் சமம். ப்ரொப்பெல்லரை மாற்றுவதே வழி.

நம்பிக்கை: பேட்டரி வயரை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், தடிமனாக இருந்தால் போதும்.

எடையைச் சமன் செய்யப் பேட்டரியை முன்னே தள்ளுகிறோம், வயர் எட்டவில்லை, உடனே ஒட்டு போடுகிறோம். தடிமன் மின்தடையைத்தான் குறைக்கும்; நீளத்தோடு வரும் தூண்டலை அல்ல. இஎஸ்சி மின்னோட்டத்தை வெட்டும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூண்டல் வோல்டேஜ் கூர்களை எழுப்பும். அவற்றை விழுங்குவது இஎஸ்சியின் வாசலில் நிற்கும் கெப்பாசிட்டர்கள். சூடாகி, மேற்புறம் உப்பி, ஒருநாள் வெடிக்கும். அதோடு மின்னோட்டத்தை வெட்டும் மாஸ்ஃபெட்டுகளும் போகும். நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்கத்து மூன்று வயர்களை நீட்டுங்கள். பேட்டரிப் பக்கம் தவிர்க்க முடியாவிட்டால், உள்தடை குறைந்த கெப்பாசிட்டர்களை இஎஸ்சிக்கு ஒட்டி, துருவம் பார்த்துச் சேருங்கள்.

நம்பிக்கை: குளிர்விக்கும் தண்ணீர் மெதுவாக ஓடினால்தான் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

வேகமாக ஓடும் தண்ணீரே நன்றாகக் குளிர்விக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், தண்ணீர் ஒரு டிகிரி சூடேறுவதற்குள் 70 வாட் வெப்பத்தை எடுத்துப்போகும். ஆகவே தண்ணீர் முதலில் மோட்டாருக்குப் போக வேண்டுமா இஎஸ்சிக்கா என்ற சண்டையும் பெரிய விஷயமல்ல. ஓட்டம் தடையில்லாமல் இருக்கிறதா, வெளியேறும் துவாரத்தில் தண்ணீர் பீய்ச்சுவது கரையிலிருந்து தெரிகிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: டிசி மோட்டார்தானே, பேட்டரியில் நேராக வைத்துச் சோதிக்கலாம்.

வைக்கவே கூடாது. வைண்டிங்கின் மின்தடை சில மில்லி-ஓம்தான்; அது ஷார்ட் சர்க்யூட். உள்ளே இருப்பது மூன்று கட்ட மோட்டார், சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கித் தருவது இஎஸ்சி. 1888இல் பலகட்ட மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கிய நிகோலா டெஸ்லாதான் 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரேடியோவால் இயங்கும் படகைக் காட்டியவர். அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளும் இன்று ஒரே ஹல்லுக்குள் கூடியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் விஷயம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் போடுங்கள், போதும். சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சுற்றில் அது விரலைத் துண்டாக்கும்.

நம்பிக்கை: பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பார்த்தால்தான் செட்டப் நல்லதா என்று தெரியும்.

சின்ன ப்ரொப்பெல்லரோடு தொடங்குங்கள். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்து, மோட்டார், இஎஸ்சி, வயர், பேட்டரி நான்கின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். மோட்டாருக்குள் இருக்கும் சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் காந்தத்தன்மையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கலாம். உயர்வெப்ப ரகங்களில் சில 150ஐயும் அதற்கு மேலும் தாங்கும், ஆனால் எது உள்ளே இருக்கிறது என்று பெட்டி பெரும்பாலும் சொல்லாது. காந்தம் பலவீனமானால் கேவி ஏறும், கேவி ஏறினால் ஆம்பியர் ஏறும், சூடு இன்னும் கூடும். மோட்டாரின் மேற்புறம் 60ஐச் சுற்றி நின்றால் அடுத்த ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்கலாம். 80ஐ நெருங்கினால் பேட்டரியில் எவ்வளவு மீதி இருந்தாலும் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டு, 2 மி.மீ. சிறிய ப்ரொப்பெல்லரை மாட்டுங்கள்.