கரகரக்கும் பழைய ஒலிபெருக்கி: கோளாறைக் கண்டறிந்து நாமே திருத்துவோம்

தோட்டத்தில் நீர் இறைக்கும் இயந்திரம் வழமைக்கு மாறாகச் சத்தம் போட்டால் நாம் உடனே புதியதொன்றை வாங்க ஓடுவதில்லை. சற்று நின்று காது கொடுக்கிறோம். எங்காவது ஆணி கழன்று தகடு அடிபடுகிறதா, பெல்ற் உரசுகிறதா, உள்ளே ஏதும் தேய்ந்துவிட்டதா என்று சத்தம் வரும் இடத்தைத் தேடுகிறோம். பழைய ஒலிபெருக்கிப் பெட்டியைத் திருத்துவதற்கும் இதே முறைதான்.

1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட மரப்பெட்டி ஒலிபெருக்கிகள் இன்னும் பல வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் இருக்கின்றன. சில, மத்திய கிழக்கிற்கு வேலைக்குச் சென்றவர்கள் கொண்டுவந்தவை. சில, உழவு இயந்திரப் பெட்டியில் சாக்கு மூட்டைகளோடு இடம்விட்டு இடம் சென்றவை. கொட்டில் மூலையில் மழை ஒழுக்கையும் எலியையும் கண்டவை. பாட்டில் தாழ்ந்த ஒலி வரும்போது இவை கரகரக்கும் அல்லது படபடக்கும். "வூபர் போய்விட்டது" என்று சொல்லிப் பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறைக்குக் கொடுத்துவிடுகிறோம். பல வேளைகளில் வூபர் போயிருப்பதில்லை. ஓர் ஆணியோ, சிறிது பசையோ, ஒரு நுரை வளையமோதான் தேவைப்படும். காசு தட்டுப்பாடான குடும்பத்துக்கு வீண் செலவைத் தவிர்ப்பதும் ஒரு வருமானமே. இந்த வேலையை நன்றாகப் பழகிய இளைஞருக்கு அது ஒரு கைத்தொழிலாகவும் அமையலாம்.

1. வூபர் எப்படி வேலை செய்கிறது?

பெட்டியில் உள்ள ஒலிபெருக்கிகளுள் பெரியது வூபர். தாழ்ந்த ஒலியைத் தருவது இதுவே. இன்று நாம் பாவிக்கும் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்ற இருவர் 1925இல் விளக்கி வெளியிட்டனர். அடிப்படை இன்றும் மாறவில்லை.

பின்னால் ஒரு காந்தம். அதன் நடுவில் வட்டமான ஒடுங்கிய இடைவெளி. மெல்லிய கம்பி சுற்றிய சிறு குழாய் ஒன்று, அதாவது சுருள், அந்த இடைவெளிக்குள் நிற்கிறது. சுருளின் மறுமுனை கடதாசிக் கூம்பில் ஒட்டப்பட்டிருக்கிறது. மின்னோட்டம் மாறி மாறி வரும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது.

கூம்பை இரண்டு இடங்களில் பிடித்திருக்கிறார்கள். வெளி ஓரத்தில் ஒரு மெதுவான வளையம். உள்ளே, சுருளுக்கு அருகில், மடிப்பு மடிப்பான துணித்தட்டு. இவை இரண்டும் சேர்ந்தே சுருளை நடுவில் நிறுத்துகின்றன. சுருளின் பக்கத்தில் உள்ள இடம் ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. ஆகவே பிடிமானம் சற்றுத் தளர்ந்தாலும் சுருள் காந்தத்தில் உரசும்.

1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர் அமெரிக்காவில் அறிமுகம் செய்த சிறிய மூடிய பெட்டிகளில் கூம்பு மிகத் தளர்வாகத் தொங்கவிடப்பட்டது. இத்தகைய பெட்டிகள் பரவியபின் 1970களில் பல கம்பனிகள் வெளி வளையத்துக்கு நுரை பிளாஸ்ரிக்கைப் பாவித்தன. இந்த நுரை ஈரத்தாலும் வெப்பத்தாலும் வெயிலாலும் பத்து, இருபது ஆண்டுகளில் உக்கிவிடும். பாவிக்காமல் மூடி வைத்திருந்தாலும் உக்கும். பழைய பெட்டிகளில் அடிக்கடி காணும் கோளாறு இதுவே.

2. முதலில்: பெட்டியா, அம்பிளிபயரா?

அம்பிளிபயரை நிறுத்துங்கள். அதன் பின்புறத்தில் இடது, வலது பெட்டிகளின் வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி, திரும்ப அதே பாட்டைப் போடுங்கள். முன்பு கரகரத்த பெட்டியே இப்போதும் கரகரத்தால் கோளாறு அந்தப் பெட்டியில் அல்லது அதன் வயரில். நன்றாக இருந்த மற்றப் பெட்டி இப்போது கரகரத்தால் கோளாறு அம்பிளிபயரிலோ அதற்கு முன்னாலோ உள்ளது. அப்படியானால் வூபரைத் தொட வேண்டாம். ஒரு பெட்டி மட்டும் இருந்தால் அதை வேறொரு வானொலியில் இணைத்துப் பாருங்கள்.

ஒலியை முழுதாகக் கூட்டும்போது மட்டும் சத்தம் வந்தால், சிறிய அம்பிளிபயரிடம் அதன் சக்திக்கு மேல் கேட்கிறோம் என்றே கொள்ள வேண்டும். ஒலியைக் குறைப்பதே மருந்து. தொடர்ந்து அப்படியே போட்டால் சுருள் எரிந்துவிடும்.

3. பெட்டியைத் திறக்க முன்

ஒரே சீரான தாழ்ந்த ஒலி இருந்தால் தேடுவது இலகு. கைத்தொலைபேசியில் சோதனை ஒலி எழுப்பும் செயலிகள் உண்டு. அதை அம்பிளிபயரில் இணைத்து, குறைந்த சத்தத்தில், 100 ஹேர்ட்ஸில் தொடங்கி மெல்ல மெல்ல 30 வரை இறக்குங்கள். கரகரப்பு எந்த இடத்தில் எழுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இந்த வசதி இல்லாவிட்டால், தாழ்ந்த ஒலி நிறைந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் போதும்.

இப்போது ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்துங்கள்: முன்புறத் துணிச் சட்டம், பெயர்த் தகடு, வூபரின் ஆணிகள், காற்றுக் குழாய், பின்புறத்தில் வயர் பூட்டும் தட்டு. பெட்டியின் மேல் உள்ள சாமான்களை எடுத்துவிடுங்கள். யன்னல் கண்ணாடியும் கூரைத் தகடும்கூட அதிர்வதுண்டு. எந்த இடத்தை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, கோளாறு அங்கேதான்.

ஆணிகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, சில்லுக்கு நட்டு இறுக்குவதுபோல் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஆணி பிடிக்காமல் சுற்றினால், தீக்குச்சியில் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையைப் பூசித் துளையில் செருகி, காய்ந்தபின் ஆணியைப் போடுங்கள். காற்றுக் குழாய்க்குள் குளவிக் கூடோ பல்லி முட்டையோ இருக்கலாம். மழையில் நனைந்து பெட்டியின் மூட்டு விட்டிருந்தால், மூட்டுக்குள் பசை ஊட்டி, பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் தடி கொடுத்து முறுக்கி ஒருநாள் விட்டுவிடுங்கள்.

4. சத்தம் சொல்லும் சேதி

• குறித்த ஓர் ஒலிக்கு மட்டும் "சர்ர்" என்று அதிர்ந்தால்: ஏதோ தளர்ந்திருக்கிறது.
• காற்று ஊதுவதுபோல் "படபட" என்றால்: வெளி வளையம் அல்லது கூம்பு கிழிந்திருக்கிறது.
• மெதுவான சத்தத்திலும் எல்லாத் தாழ்ந்த ஒலிக்கும் "கரக் கரக்" என்றால்: சுருள் உரசுகிறது, அல்லது இடைவெளிக்குள் தூசி உள்ளது.
• சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் "டக் டக்" என்று கடினமாக அடித்தால்: சுருள் பின்புற இரும்பில் முட்டுகிறது. உடனே குறையுங்கள்.
• ஒலி விட்டுவிட்டு வந்தால்: வயர் அறுந்திருக்கிறது, அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கிறது.

5. வூபரைக் கழற்றிப் பார்த்தல்

வெளியே ஒன்றும் அகப்படாவிட்டால் மட்டுமே கழற்ற வேண்டும். வயர்களை நீக்கி, பெட்டியை மல்லாக்காகக் கிடத்துங்கள். காந்தம் திருப்புளியை வெடுக்கென இழுக்கும். அது கூம்பைக் குத்திக் கிழித்துவிடும். எனவே மற்றக் கையால் கூம்பை மறைத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எந்த முனைக்குரியது என்று அடையாளம் இடுங்கள். உள்ளே கண்ணாடிப் பஞ்சு இருந்தால் கையையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள்.

கண்ணால் பாருங்கள். வெளி வளையம் விரல் பட்டதும் உதிர்கிறதா, பிசுபிசுக்கிறதா? துணித்தட்டு ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கிறதா? நடுவிலுள்ள தூசி மூடி தளர்ந்திருக்கிறதா? கூம்புக்குச் செல்லும் பின்னல் வயர் கூம்பில் அடிபடுகிறதா?

பின்பு அழுத்திப் பாருங்கள். இரு கைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, நேராக, மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். காதை அருகில் வையுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் சுருள் நலம். கடதாசியில் மண் உரசுவதுபோல் கேட்டால் சுருள் உரசுகிறது.

1.5 வோல்ற் ரோச் பற்றறி ஒன்றை இரு முனைகளிலும் கணநேரம் தொடுங்கள். கூம்பு ஒருமுறை துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் வயரோ சுருளோ அறுந்துள்ளது. மல்ரிமீற்றர் இருந்தால், 8 ஓம் என்று எழுதிய வூபர் ஏறத்தாழ 6 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் என்று எழுதியது ஏறத்தாழ 3 முதல் 3.5 வரை காட்டும். எக்காரணம் கொண்டும் வீட்டு மின்சாரத்தில் நேராகத் தொட்டுப் பார்க்க வேண்டாம். உயிருக்கே ஆபத்து.

சிறு திருத்தங்கள்:

தூசி மூடியோ துணித்தட்டோ விட்டிருந்தால், சுருள் நடுவில் நிற்கும்படி வைத்து ஓரத்தில் மெல்லிதாகப் பசையிட்டு ஒட்டுங்கள். கூம்பில் சிறு கிழிசல் என்றால், பட்டம் கட்டும் மெல்லிய ரிசுக் கடதாசியை வெள்ளைப் பசையில் நனைத்து, கிழிசலைவிடச் சற்றுப் பெரிதாக ஒட்டுங்கள். தடித்த கடதாசி வேண்டாம். கூம்பின் பாரம் கூடும். அடிபடும் பின்னல் வயரைச் சற்று வளைத்து விலக்குங்கள். இழுத்து விறைப்பாக்கினால் அறுந்துவிடும்.

பல ஆண்டுகள் ஒரே நிலையில் இருந்த கூம்பு தன் பாரத்தால் கீழே தாழ்ந்திருக்கலாம். வூபரை மேல் கீழாகத் திருப்பிப் பூட்டினால் சில வேளைகளில் உரசல் நின்றுவிடும். இதற்குச் சதம்கூடச் செலவில்லை. முதலில் இதைச் செய்து பாருங்கள்.

6. உக்கிய நுரை வளையத்தை மாற்றுதல்

புதிய வளையங்கள் மின்னணுப் பொருட் கடைகளிலும் இணையவழி விற்பனையிலும் கிடைக்கின்றன. வூபர் எத்தனை அங்குலம் என்று மட்டும் சொன்னால் போதாது. கூம்பின் விட்டம், வளையத்தின் வெளிவிட்டம், மேடான பகுதியின் அகலம் ஆகிய மூன்றையும் மில்லிமீற்றரில் அளந்து எழுதிச் செல்லுங்கள். பழைய வளையம் கூம்பின் முன்புறம் ஒட்டப்பட்டிருந்ததா, பின்புறமா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ரியூப்பையோ தடித்த துணியையோ வெட்டி ஒட்ட வேண்டாம். கூம்பு விறைத்துவிடும், தாழ்ந்த ஒலி வராது.

முதலாவது: பழைய நுரையையும் பசையையும் பொறுமையாகச் சுரண்டி, சிறிது ஸ்பிரிற் தொட்ட துணியால் துடையுங்கள். கூம்பை நனைக்க வேண்டாம்.

இரண்டாவது: தூசி மூடியைக் கூரிய பிளேட்டால் சுற்றி வெட்டி எடுங்கள். இடைவெளிக்குள் மண்ணோ இரும்புத் தூளோ இருந்தால், மெல்லிய மட்டையில் ஒட்டும் ரேப்பைச் சுற்றி உள்ளே விட்டுத் தொட்டு எடுங்கள். ஊதினால் இரும்புத் தூள் போகாது. காந்தம் பிடித்து வைத்திருக்கும்.

மூன்றாவது: பழைய எக்ஸ்றே படத்தை ஒடுங்கிய கீற்றுகளாக வெட்டி, சுருள் குழாய்க்கும் நடு இரும்புக்கும் இடையே சம தூரத்தில் நான்கு கீற்றுகள் செருகுங்கள். தளர்வாக இருந்தால் கடதாசிக் கீற்றும் சேருங்கள். சுருள் இப்போது நடுவில் நிற்கும்.

நான்காவது: வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டி ஓர் இரவு காயவிடுங்கள். பின்பு வெளி ஓரத்தை இரும்புச் சட்டத்தில் ஒட்டி, உடுப்புக் கவ்விகளால் சுற்றிவரப் பிடித்து, 24 மணித்தியாலம் விடுங்கள். வெள்ளைப் பசை மெதுவாகக் காய்வதால் பிழையைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சுப்பர் குளூ வேண்டாம்.

ஐந்தாவது: கீற்றுகளை எடுத்து மீண்டும் அழுத்திப் பாருங்கள். உரசல் இல்லையென்றால் தூசி மூடியை ஒட்டுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வயது. ஒன்றின் நுரை உக்கியிருந்தால் மற்றதையும் பாருங்கள்.

7. எங்கே நிறுத்த வேண்டும்?

சுருளில் எரிந்த மணம், குலைந்த கம்பி, நெளிந்த குழாய், கீழே விழுந்ததால் இடம் பெயர்ந்த காந்தம், இடைவெளிக்குள் தடித்த கறள்: இவை நமது கைக்கு மேற்பட்டவை. சுருளும் கூம்பும் புதிதாக மாற்றும் தொழிலாளரிடம் கூலி கேளுங்கள். அதே அளவான பாவித்த வூபரின் விலையையும் கேளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டபின் முடிவெடுங்கள். மற்றவரின் பெட்டியைத் திருத்துபவர் இதைச் சோதித்த உடனேயே உரியவருக்குச் சொல்லிவிட வேண்டும். பணத்தை வாங்கிவிட்டுக் கைவிரித்தால் அடுத்த பெட்டி அவரிடம் வராது.

திருத்திய பெட்டியை நிலத்தில் வைக்காமல் கல் அல்லது பலகை மேல் வையுங்கள். நேர் வெயில் படக்கூடாது. ஈரத்தோடு பொலித்தீனால் இறுகச் சுற்றவும் கூடாது. வேறிடம் கொண்டுசெல்ல நேர்ந்தால், முன்புறத்தை ஒரு பலகையால் மூடிக் கட்டுங்கள்.

குழுவாகச் செய்து பாருங்கள்

• உங்கள் கிராமத்தில் பேசாமல் கிடக்கும் பெட்டிகள் எத்தனை? அவற்றுள் ஒன்றை எடுத்து, திறக்காமலேயே கோளாறு எங்கே என்று கண்டறியுங்கள்.
• திருப்புளி, பசை, மல்ரிமீற்றர் ஆகியவற்றை ஐந்தாறு பேர் சேர்ந்து பொதுவில் வாங்கி வைக்க முடியுமா? யார் பொறுப்பு?
• சத்தத்தைக் கேட்டு இடத்தைத் தேடும் இந்த முறையை உங்கள் தோட்டத்தில் உள்ள வேறு எந்த இயந்திரங்களில் கையாளலாம்?