மைக் வாங்க முன் லப்டொப்பைப் பாருங்கோ

தங்கச்சிமார், தம்பிமார், வட இலங்கைச் சங்கீத சபைச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த மைக் நல்லது?" என்றுதான். அதை எதில் கொழுவப் போகிறீர்கள் என்று முதலில் பார்ப்போம். காசு வீணாகிறது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கோயில் திருவிழாவில் கையில் பிடித்துப் பாடுகிற மைக் டைனமிக் வகை. 1966இல் வந்த ஷுவர் எஸ்எம்58 இன்றைக்கும் மேடைகளில் நிற்கிறது. ஆனால் அதிலிருந்து வருவது சில மில்லிவோல்ற்றுதான். லப்டொப்பின் சின்ன ஓட்டை ஹெட்செற்றுக்காகச் செய்தது. அடப்ரர் போட்டு இரண்டையும் இணைத்தால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரித்தான் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடவே ஏறும். இன்னொரு வகையான கண்டென்சர் மைக்குக்கோ 48 வோல்ற் வேணும். அது லப்டொப்பிடம் இல்லை.

இடையில் ஓர் ஒடியோ இன்டர்பேஸ் பெட்டி வையுங்கோ. மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் வயர் ஒரு பக்கம், யூஎஸ்பி வயர் மறுபக்கம். ஒருவர் பாட ஒற்றை மைக் பெட்டியே போதும். கண்டென்சர் என்றால் மைக்கை முதலில் கொழுவிவிட்டு, பிறகு 48 வோல்ற் பொத்தானை அமத்துங்கோ. இந்தப் பெட்டிக்குக் காசு போதாவிட்டால் யூஎஸ்பி மைக் ஒன்றை வாங்குங்கோ. விலை கூடின மைக்கை அடப்ரரில் கொழுவுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது, ஒருவரும் சொல்லித்தராத விஷயம். விண்டோஸின் ஒலி அமைப்புகளில் 'ஒடியோ என்ஹான்ஸ்மென்ற்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்திவிடுங்கோ. அதிலுள்ள இரைச்சலைக் குறைக்கிற வசதி, மாறாமல் தொடர்ந்து கேட்கிற சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அழிக்கும். கூட்டங்களில் பேச அது நல்லது. நமக்குச் சுருதியும் தம்புராவும் மாறாமல் கேட்கிற சத்தம்தானே! நீட்டிப் பிடித்த சட்ஜமும் நடுவில் தேய்ந்துபோகும். பிள்ளை தன் மூச்சைக் குறைசொல்லும். மைக் பிழையுமில்லை, குரல் பிழையுமில்லை. ஒலி வரவே இல்லையென்றால் பிரைவசி பகுதியில் மைக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கோ.

பதிய ஓடாசிற்றி போதும், இலவசம். மேல்ஸ்தாயியில் உரத்துப் பாடிப் பார்த்து, ஒலி அளவைக் காட்டும் கோடு மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கிற மாதிரி இன்டர்பேஸின் திருகை வையுங்கோ. சத்தம் குறைந்தால் பிறகு கூட்டலாம். பூச்சியத்தில் முட்டி வெடித்த குரலைத் திருத்த ஏலாது. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். நேரே ஊதாமல் சற்றுச் சரித்து வையுங்கோ. சுருதியை ஹெட்போனில் கேளுங்கோ, இல்லாவிட்டால் அதுவும் மைக்கில் ஏறும். ஹெட்போனில் உங்கள் குரல் பிந்திக் கேட்டால் இன்டர்பேஸில் உள்ள 'டிரெக்ற் மொனிற்றர்' பொத்தானை அமத்துங்கோ.

'உம்' என்று இரைந்தால் சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் பதிந்து பாருங்கோ. சீமெந்துச் சுவரும் தரை ஓடுகளும் எதிரொலிக்கும். பாய் விரித்து, பின்னால் இரண்டு சீலை தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். ஃபானை நிற்பாட்டுங்கோ. தென்மராட்சி வெயிலில் கஷ்டம்தான், ஒரு கீர்த்தனைக்கு மட்டும் பொறுங்கோ.

கடைசியாக, பதிந்ததைப் பத்திரப்படுத்த வேணும். நாதஸ்வர வித்துவான் பஞ்சாபிகேசன் வாழ்ந்த ஊர் எங்கள் சாவகச்சேரி. 2000ஆம் ஆண்டுப் போரில் இந்த நகரமே இடிந்துபோனது. வீடுகளோடு போன பாட்டுக் கசெற்றுகளை இனி எங்கே தேடுவது? அதனால் எம்பி3 ஆக்க முன் முழு வேவ் கோப்பையும் சேமியுங்கோ. ஒரு பிரதி பென்ட்ரைவில், இன்னொன்று வேறொரு வீட்டில் அல்லது வெளிநாட்டில் இருக்கிற சித்தியிடம். உங்கள் பாட்டுப் பதிந்து முடிந்ததும், அதே மைக்கை அம்மம்மாவுக்கு முன்னால் வையுங்கோ. அவவுக்குத் தெரிந்த தாலாட்டையும் இந்தக் கிழமையே பதிந்துவிடுங்கோ.