தொண்டுக்கு அடுத்த படி

கேள்வி: மகன் படிக்கும் கிறிஸ்தவப் பள்ளியில் பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகிறார்கள். இதைச் சமூக நீதிப் பயிற்சி என்கிறார்களே, சரியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அது தொண்டு, நல்ல தொண்டு. நீதி அடுத்த படி.

1973-இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபை நடத்தும் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் கூடியிருந்தார்கள். உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா என்று அவர்களிடம் கேட்ட சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே, இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். கூடியிருந்தவர்கள் பலருக்கு அது கசந்தது. மருத்துவம் படித்தவர் அவர். 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, தாம் நடத்திய துறவியர் பயிற்சி இல்லத்தையே மருத்துவமனையாக்கிக் காயம்பட்டவர்களைக் கவனித்தவர். புண்ணைக் கழுவிய கை. அதனால்தான் அந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம் என்று நினைக்கிறேன்.

மகன் வீடு திரும்பியதும், என்ன கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். இல்லத்தில் பார்த்த பாட்டி ஏன் அங்கே இருக்கிறார், முதியோர் உதவித்தொகை வருகிறதா, வராவிட்டால் யாரிடம் மனுக் கொடுப்பது என்று கேளுங்கள். போய் வந்ததைப் பற்றிப் பேச ஒரு பாடவேளை ஒதுக்கும்படி பள்ளியிடமும் சொல்லுங்கள். ஆண்டு முழுக்க அதே இல்லத்துக்கே போகட்டும். பாட்டி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகட்டும்.